காணிக்கைத்துறையில் நெட் போகிற நேரம்

காணிக்கைத்துறையில் நெட் போய்விட்டால் கப்பலில் இருக்கிற ஆம்பளைகள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பது இன்றைக்கு அந்த ஊர்க் கைப்பிள்ளைக்கும் தெரியும், அடுப்படியில் படுத்திருக்கிற பூனைக்கும் தெரியும். ஆனால் முதன்முதலாகத் தொம்மை வந்து நின்ற அந்த மத்தியானத்தில் அவன் பெண்டாட்டி செல்ஸ்டினாவுக்கே அது தெரியாது. கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது, டவர் படுத்துவிட்டது, போனில் ஒரு கோடு கூட இல்லை, அவள் பாட்டுக்குக் குழாயடியில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. "கரை தெரியுது. நல்லா இருக்கேன். சாப்பிட்டியா?" என்றான் தொம்மை. "இன்னும் இல்லங்க, உக்காருங்க, குழம்பு கொதிக்கட்டும்" என்றாள் அவள் திரும்பாமலே, கை முழுக்கச் செதிள். கழுவிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம், தரையில் எண்ணெய் படிந்த பூட்ஸ் தடம் மட்டும் இருந்தது. ஆப்பிரிக்காப் பக்கம் போய்க்கொண்டிருக்கிற கப்பலின் இஞ்சின் ரூமில் நிற்க வேண்டிய மனுஷன் இங்கே எப்படி வந்தான் என்று அவள் யோசிக்கவில்லை. வந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டானே என்றுதான் அழுதாள், அழுதுகொண்டே தரையைத் துடைத்தாள்.

காணிக்கைத்துறை அப்படிப்பட்ட ஊர். மீசை முளைத்தால் பையன் கப்பலுக்குப் போய்விடுவான், மீசை நரைத்தால் திரும்பி வருவான், நடுவில் வருகிற லீவுகளில் கல்யாணம் முடிப்பான், வீடு கட்டுவான், பிள்ளை பெறுவான், அந்தப் பிள்ளை அவனிடம் கூச்சம் தெளிந்து ஒட்டுகிற வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். மாதா கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார இடமில்லாமல் நெருக்கியடிக்கும், ஆண்கள் பக்கத்தில் நாலு வயசாளிகளும் ஒரு நாயும் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு பூசை காண்பார்கள்.

செல்ஸ்டினாவுக்கு ஐஸ் கம்பெனி ஆபீசில் வேலை. மீன் ஏற்றுமதிக்காரர்கள் "நாளைக்கு ரெண்டு லோடு", "நாளைக்கு வேண்டாம்" என்று மெயில் போடுவார்கள், அதைப் பார்த்துத்தான் ஐஸ் உடைக்க ஆள் நிறுத்த வேண்டும். காற்றுக்காலத்தில் நெட் எப்போது போகும், எப்போது வரும் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். அதனால் அவள் போனில் ஒரு குறிப்பு எழுதுகிற ஆப் வைத்திருந்தாள். அதன் பேர் வாயில் நுழையாது, ஊரில் எல்லாரும் பெட்டி என்பார்கள். வந்த மெயிலைப் பெட்டிக்கு அனுப்பினால் அது ஒரு குறிப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே இருக்கிற அம்புக்குறியை அமுக்கிப் பச்சை டிக் விழுந்துவிட்டால் நெட் செத்தாலும் குறிப்பு சாகாது. மாதம் முடிந்ததும் ஒவ்வொரு கம்பெனியின் துண்டு மெயில்களையும் ஒரே குறிப்பாகச் சேர்த்து முதலாளிக்குக் காட்டுவாள். தொம்மை முதன்முதலாக வருவதற்கு முந்தின நாள்தான், ஆபீஸ் மெயிலோடு மெயிலாக, புருஷன் போட்ட மூன்று வரியையும் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு டிக் வைத்தாள். மறுநாள் காற்று அடித்தது, தொம்மை வந்தான்.

பக்கத்து வீட்டு லூர்து மயினி, செல்ஸ்டினாவின் அண்ணன் பெண்டாட்டி, கதையைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, வந்தவுகளுக்கு ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கலியா நீ?" என்றுதான் முதலில் கேட்டாள். சாயங்காலத்துக்குள் தெருவில் இருக்கிற போன்களிலெல்லாம் பெட்டி இறங்கிவிட்டது. அடுத்த காற்றுக்கு ரோசம்மாளின் புருஷன் வந்தான். அவன் கேப்டனைத் திட்டி ஏழெட்டுப் பக்கம் எழுதுகிற ஆசாமி. சோறு, குழம்பு, மறுசோறு, ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே, பெண்டாட்டி என்ன கேட்டாலும் காதில் வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கேப்டனையே திட்டினான். இப்படித்தான் ஊருக்குச் சட்டம் விளங்கியது. வருகிறவர் காதால் எல்லாம் கேட்பார், வாயால் மெயிலில் உள்ளதை மட்டும்தான் பேசுவார். ஒரு வரிக்கு ஒரு கவளம், அவ்வளவு நேரம்தான் இருப்பார். ஒரு மெயிலுக்கு ஒரு தடவைதான் வருவார், ஒரு தடவை நெட் போனால் ஒரு வீட்டில் ஒரு மெயில்தான் பலிக்கும். நெட் வந்துவிட்டால் கையில் எடுத்த உருண்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஃபிளைட் மோடில் போட்டும் பார்த்தார்கள், ஒரு ஈ காக்காய் வரவில்லை, பெட்டியை ஏமாற்ற முடியாது, நெட் நிஜமாகவே போக வேண்டும்.

தப்பும் நடந்தது. பேங்கிலிருந்து வந்த மெயிலை ஒருத்தி சேமித்துவைத்தாள், எந்திரம் எழுதினது அல்லவா, யாரும் வரவில்லை, மேஜை மேல் இருந்த சில்லறைக் காசுக் கிண்ணம் மட்டும் கொஞ்சம் அதிர்ந்தது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த மோசடி மெயிலைப் பவுலின் சித்தி தெரியாத்தனமாக டிக் பண்ண, காதில் ஹெட்போன் மாட்டின ஒருத்தன் ஒட்டிய கன்னத்தோடு வந்து உட்கார்ந்து, "வாழ்த்துகள், வாழ்த்துகள்" என்றான். முகத்தைப் பார்த்தாலே பசி தெரிந்தது. "வாழ்த்து கெடக்கட்டும், தின்னுல மக்கா" என்று சித்தி முட்டையும் பொரித்து வைத்தாள். பிறகு அந்த மாதிரி மெயில் வந்தால் அவளே தேடித்தேடிச் சேமித்தாள்.

ஊர் இதை வெகு சீக்கிரம் தன் வழக்கமாக்கிக்கொண்டது. டவர் ஆபரேட்டர் இசக்கிமுத்து அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெனரேட்டரைத் துடைக்கிறேன் என்று ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்துவார், துடைத்துத் துடைத்து அந்த ஜெனரேட்டர் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கியது. பங்குச் சாமியார் அருளப்பன் பூசை அறிவிப்பில் கல்யாண ஓலை, கூட்டுறவுச் சங்கக் கூட்டம் எல்லாம் வாசித்துவிட்டு, "இன்று நெட் நிறுத்தம் பதினொன்றரைக்கு, உலை வைக்கிறவர்கள் இப்போதே போகலாம்" என்பார். கப்பலில் இஷ்டத்துக்கு வளர்ந்த தலையைப் பார்த்துப் பொறுக்காத பெண்டாட்டிமார் கேட்டுக்கொண்டதால் முடிவெட்டுகிற செல்லையா ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக வந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் கப்பல்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்கு நடுவில் கண் சொக்குகிறது, முழித்தால் வயிறு நிறைந்திருக்கிறது, விரலில் மீன் வாசம், தலைமுடி யார் வெட்டினது என்று தெரியவில்லை என்று எழுதினார்கள். பெண்கள் விஷயத்தைச் சொன்னால், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பதில் போட்டார்கள். அந்தப் பதிலையும் சேமித்துவைத்து, வந்து "கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

இத்தனை கொண்டாட்டத்திலும் செல்ஸ்டினா வீட்டில் மட்டும் இலை போட்டு எடுப்பதற்குள் ஆள் போய்விடும். தொம்மை நல்லவன், தங்கமான மனுஷன், ஆனால் அவன் வாயிலிருந்து பேச்சை வாங்குவதற்குள் ஒரு திமிங்கலத்தைக் கரைக்கு இழுத்துவிடலாம். அவன் கப்பலில் போன் எடுக்காது, மெயில் மட்டும்தான், அந்த மெயிலிலும் "மழை." என்பான். "சாப்பிட்டேன்." என்பான். அவள் வந்த மெயில்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒன்றொன்றாக எடுத்து, மருந்து சொட்டுவிடுகிற மாதிரி வாரத்துக்கு ஒன்று சேமித்துவைப்பாள். அவன் வருவான், ஒரு கவளம் வாங்குவான், அவள் முகத்தைப் பார்ப்பான், போய்விடுவான். அவர்கள் மகள் அமலி, மூன்றாம் வகுப்பு, கதவுக்குப் பின்னாலிருந்து கூச்சம் தெளிந்து எட்டிப் பார்ப்பதற்குள் அப்பா இருக்கமாட்டார்.

அந்த வருஷம் அமலிக்குப் புதுநன்மை. காணிக்கைத்துறை வழக்கப்படி, பூசையில் முதன்முதலாக நன்மை என்கிற அப்பம் வாங்குகிற பிள்ளைக்குத் தகப்பன் மெழுகுதிரி ஏற்றி, கோயில் வாசலிலிருந்து பீடத்துப் படி வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். தகப்பன் கடலில் இருந்தால் தாய்மாமன். இந்தத் தடவை மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் நீள நீள மெயில் எழுதுகிற அப்பன்மார் இருந்தார்கள், சாமியாரும் நெட் நிறுத்தத்தைப் பூசை நேரத்துக்கே மாற்றிவைத்துவிட்டார். "வெளிநாட்டுச் சொந்தக்காரங்க லைவ்ல பாக்க முடியாதே சாமி?" என்று கேட்டவர்களிடம், "ஆண்டவர் ஆஃப்லைன்லயும் கேப்பாரு, அவங்க வீடியோவை நாளைக்குப் பாக்கட்டும்" என்றார். தொம்மைக்கு லீவு கிடையாது, மாற்று ஆள் வராததால் கப்பல் கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிவிட்டது.

"மாமா வேண்டாம். பெரியம்மா வீட்டு ஷெரின் அக்காவுக்குத் திரி புடிக்கும்போது தும்மி அணைச்சுட்டாங்க" என்றாள் அமலி. அது உண்மைதான், லூர்து மயினியின் புருஷன், கப்பலை விட்டு வந்து கரையில் காற்றுக்குக் குறி சொல்கிற ஜோக்கின் மாமாவின் தும்மல் ஊர் அறிந்தது. "எனக்கு அப்பாதான் வேணும். எல்லாருக்கும் அப்பா வருவாங்க, எனக்கு மட்டும் வாசலோட போயிருவாங்களா?"

செல்ஸ்டினா புருஷனுக்கு எழுதினாள்: நீளமா ஒரு மெயில் போடுங்க, பத்துப் பக்கம் போடுங்க, எதையாவது எழுதுங்க. 'எல்லாம் நல்லபடி' என்று பதில் வந்தது. சரி, ஒவ்வொன்றாகக் கேட்போம் என்று, இஞ்சின் எப்படி இருக்குங்க என்று கேட்டாள். 'ஓடுது.' ஜன்னல் வழியா என்ன தெரியுது? 'கடல்.' அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டாள், பிறகு எடுத்துத் துடைத்தாள்.

அப்போது லூர்து மயினி ஒரு காரியம் பண்ணினாள். "மெயில்தான வேணும்? அவன் பேர்ல நான் எழுதுறேன்ட்டி, எனக்கா எழுத வராது?" என்று புதுசாக ஒரு மெயில் ஐடி திறந்து, தொம்மை எழுதுகிற மாதிரி, உயிரே என்றும் கண்ணே என்றும் உன் கூந்தல் வாசம் என்றும் பக்கம் பக்கமாகத் தட்டி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நெட் நின்றது. செல்ஸ்டினா இலை போட்டுக் காத்திருக்க, கையில் கரண்டியோடு லூர்து மயினியே வந்து நின்றாள். எழுதினவர்தானே வருவார்! "உயிரே" என்றாள் மயினி, வாயைப் பொத்தப் பார்த்தாள், முடியவில்லை, "கண்ணே, உன் கூந்தல் வாசம்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பக்கங்கள் தீருகிற வரைக்கும் கண்ணீர் வழியச் செல்ஸ்டினாவைக் கொஞ்சினாள். அமலி தரையில் உருண்டு சிரித்தாள். அந்தப் பக்கம் மயினி வீட்டு அடுப்படியில் அவள் உடம்பு சொக்கி நிற்க, இறால் தொக்கு கரியாகிப்போனது, ஜோக்கின் அண்ணன் அந்த வாரம் முழுக்க அவளை "உயிரே" என்றே கூப்பிட்டார்.

சிரித்து முடித்த பிறகு செல்ஸ்டினா காலண்டரைப் பார்த்தாள். புதுநன்மைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கையில் இருப்பது ஒற்றை வரிகள், ஒரு வரிக்கு ஒரு கவளம் என்றால் வாசலை ஒட்டின தீர்த்தத் தொட்டியைக் கூடத் தாண்டாது, பிள்ளை ஊர் முன்னால் நட்டநடுவில் தனியாக நிற்கும்.

மறுநாள் ஆபீசில் மாதக்கடைசி வேலை. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் "ரெண்டு லோடு", "வேண்டாம்", "மூணு லோடு" எல்லாவற்றையும் வழக்கம்போல வரிசையாகத் தொட்டு, சேர் என்ற பொத்தானை அமுக்கினாள். துண்டு துண்டாகக் கிடந்ததெல்லாம் ஒரே நீளக் குறிப்பாகக் கீழே கீழே போனது. அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. "சேசு மரி சூசை!" என்று கத்தினாள், ஐஸ் உடைக்கிறவர்கள் பாறையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

கல்யாணமான புதிதிலிருந்து வந்த மெயில் ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. சேமிக்காமல் மிச்சம் இருந்ததையெல்லாம், மழையையும் சாப்பிட்டேனையும் ஓடுதையும், ஒன்றுவிடாமல் பெட்டிக்கு அனுப்பினாள். எதையும் நின்று வாசிக்கவில்லை, வாசித்தால் அழுகை வரும், வேலை நடக்காது. முதலிலிருந்து கடைசி வரை தொட்டாள். 'சேர்த்தபின் பிரிக்க முடியாது. சம்மதமா?' என்று பெட்டி கேட்டது. அவளுக்கு விளங்கியது. சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரே தடவையில் தீர்ந்துவிடும், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு கவளம் கூட வராது, இனி அவன் எழுதினால்தான் உண்டு, அவனோ எழுதுகிற ஆளா? அவள் கொஞ்ச நேரம் ஐஸ் பாறையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சம்மதத்தை அமுக்கி, பச்சை டிக் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதுநன்மை அன்று கோயில் மணி அடித்தது, இசக்கிமுத்து அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஸ்விட்சை இறக்கினார். காலகாலமாகக் காலியாகக் கிடந்த ஆண்கள் பக்கம் நிறைந்தது. பாய்லர் சூட்டோடு வந்தவர்கள், குளிர்தேசத்துக் கோட்டோடு வந்தவர்கள், வாயில் பல்தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்த ஒருத்தர், கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கோடு வந்த சமையல்காரர், எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார, நாலு வயசாளிகளும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், நாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. பவுலின் சித்தியின் ஹெட்போன்காரன் கூட வந்து, "வாழ்த்துகள்" என்றான், அன்றைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

அமலி வெள்ளை கவுனில், கையில் ஏற்றாத திரியோடு வாசலில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தொம்மை வந்தான். ஆனால் அது முதல் மெயில் எழுதின காலத்து மாப்பிள்ளைத் தொம்மை, தலை முழுக்கக் கருப்பு, ஒல்லி, மீசை அப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. "கப்பல் ஏறிட்டேன். அழாத" என்றான். திரியை ஏற்றினான், மகள் கையைப் பிடித்தான், நடந்தான்.

"மழை" என்றான். "சாப்பிட்டேன்" என்றான். தீர்த்தத் தொட்டியைத் தாண்டினார்கள். "டாக்டர்ட்ட போனியா? உதைக்குதா?" என்றான். தோளில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அமலி நிமிர்ந்து பார்த்தாள். செல்ஸ்டினாவுக்கு அந்த வரிகள் மறந்தே போயிருந்தன, எல்லாம் ஒவ்வொரு மெயில், தனித்தனியாக வந்தபோது சே, இவ்வளவுதானா என்று அவள் சலித்துக்கொண்டவை.

"பாப்பா பொறந்துட்டாளா? யார் ஜாடை?"

"உங்க ஜாடைதாம்ப்பா, எல்லாரும் சொல்றாங்க" என்றாள் அமலி.

"பல் முளைச்சிட்டா?"

"முளைச்சு, விழுந்தும் போச்சு. இந்தா பாருங்க." அவள் ஈ என்று காட்டினாள்.

"நடக்காளா?"

"நடக்கேன்லப்பா."

"மழை. இஞ்சின் சூடு. ராத்திரி அழுறாளா?"

"இப்பல்லாம் அழ மாட்டேன். எப்பவாச்சும்தான்."

ஒவ்வொரு அடிக்கும் அவனுக்கு ஒரு மெயில் கூடியது, நெற்றி ஏறியது, காதோரம் நரைத்தது, தொப்பை வந்தது, அமலிக்குத் தெரிந்த அப்பாவாக ஆகிக்கொண்டே வந்தான். பீடத்துப் படிக்கு முந்தின அடியில் நின்று, "பேசுறாளா? அப்பான்னு சொன்னாளா?" என்று கேட்டான்.

"அப்பா" என்றாள் அமலி. கூச்சம் இல்லை, கதவு இல்லை, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பா, அப்பா" என்றாள். ஜோக்கின் மாமா தும்மலை மூக்கோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். தொம்மை குனிந்து திரியை அவள் கையில் கொடுத்தான், உருகின மெழுகு அவன் விரலில் ஓடி உறைந்தது. "எல்லாம் நல்லபடி. ஓடுது. கடல்" என்றான். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பி, செல்ஸ்டினாவை நேராகப் பார்த்து, பத்துப் பக்கம் எழுதச் சொல்லி அவள் கெஞ்சினதற்குப் போட்டிருந்த கடைசிப் பதிலைச் சொன்னான்.

"என்ன எழுத?"

செல்ஸ்டினா எழுந்துவிட்டாள். பூசை என்றும் பார்க்கவில்லை, சாமியார் என்றும் பார்க்கவில்லை. "இதை எழுதுங்க! இதைத்தான் எழுதுங்க!" என்று கத்தினாள். தொம்மை கேட்டுக்கொண்டே மறைந்தான், அமலி மிச்சமிருந்த படியைத் தனியாக ஏறி, திரி அணையாமல் போய் நன்மை வாங்கினாள்.

பூசை முடிந்து நெட் வந்தபோது, வந்த ஆம்பளைகள் எல்லாம் போயிருந்தார்கள், பெண்கள் ஆண்கள் பக்கத்து விரிப்பில் விழுந்திருந்த உருளைக்கிழங்குத் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். செல்ஸ்டினாவின் போன் சத்தம் போட்டது. தொம்மையின் மெயில். 'இஞ்சின் ரூமில் கண் சொக்கிட்டு. முழிச்சா விரல்ல மெழுகு. கப்பல்ல எங்கயும் மெழுகுதிரி கிடையாது. கழுவ மனசு வரல, அப்படியே வச்சிருக்கேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துட்டோ? எப்படித் தெரியும்னு கேக்காத, எனக்கே சொல்லத் தெரியல, ஆனா சொல்லணும்போல இருக்கு, அதனால முதல்ல இருந்து சொல்றேன்' என்று தொடங்கி, அமலி விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருந்தது. "எம்மா, முடியவே மாட்டேங்குதும்மா!" என்று அவள் குதித்தாள்.

செல்ஸ்டினா அதை வாசிக்கவில்லை. முதலில் பெட்டிக்கு அனுப்பி, பச்சை டிக் விழுந்ததா என்று இரண்டு தரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய், மதில் மேல் எட்டி, "மயினி, நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்னு அண்ணன்ட்ட கேளுங்க" என்று சத்தம் கொடுத்துவிட்டு, பெரிய பானையைத் தேடி எடுத்துக் கழுவினாள்.